கிணற்றுக்கு நாடி பார்க்கலாம், வாங்க!

காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் போகிறோம். அவர் நாடி பிடித்துப் பார்க்கிறார். நாக்கை நீட்டச் சொல்கிறார். வெப்பமானியை வைத்து எத்தனை டிகிரி என்று பார்த்துச் சீட்டில் குறித்துக்கொள்கிறார். அடுத்த முறை போகும்போது பழைய சீட்டை எடுத்துப் பார்த்து, "போன வாரத்துக்கு இது தேவலை" என்கிறார்.

சரி, உங்கள் ஊர்க் கிணற்றுக்குக் காய்ச்சல் வந்தால் யார் பார்ப்பார்கள்?

"கிணற்றுக்குக் காய்ச்சலா?" என்று சிரிக்காதீர்கள், குழந்தைகளே! கிணறும் இளைக்கும். அதன் ருசி மாறும், நிறம் மாறும். நேற்று வரை நுரைத்த சோப்பு இன்று நுரைக்காது. அடுப்பில் வைத்த பருப்பு வேகவே வேகாது. இவையெல்லாம் கிணற்றுக்கு உடம்பு சரியில்லை என்பதற்கான அடையாளங்கள்.

கிணற்றுக்கும் டாக்டர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கையில் ஸ்டெதாஸ்கோப் இருக்காது. நீளமான அளவு நாடா ஒன்றும், சில பாட்டில்களும், ஒரு நோட்டுப் புத்தகமும் இருக்கும். கிணற்றடிக்கு வருவார்கள். நாடாவை உள்ளே இறக்குவார்கள். ஒரு எண்ணைக் குறித்துக்கொள்வார்கள். பாட்டிலில் கொஞ்சம் தண்ணீர் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள். சில மாதம் கழித்து அதே கிணற்றுக்கு மறுபடியும் வருவார்கள்.

பார்க்கச் சாதாரண வேலைதான். ஆனால் அந்த நோட்டில் இருக்கும் எண்கள் ஒரு ஊரையே காப்பாற்றும். எப்படி என்று தெரிந்துகொள்ள முதலில் திண்டுக்கல்லுக்குப் போவோம். பிறகு, பூமிக்கு அடியில் இருக்கும் நிலக்கரிச் சுரங்கத்துக்குள்ளும் இறங்கிப் பார்ப்போம்.

பாறைக்குள் ஒளிந்திருக்கும் தண்ணீர்

பஸ்ஸில் திண்டுக்கல்லை நெருங்கும்போதே மலைக்கோட்டைப் பாறை கண்ணில் படும். மொட்டைத் தலை மாதிரி வழவழவென்று நிற்கும் பெரிய பாறை. வெளியே தெரிவது கொஞ்சம்தான். திண்டுக்கல் சமவெளியில் எங்கே தோண்டினாலும், மண்ணுக்குக் கீழே கடைசியில் பாறைதான் வரும்.

அப்படியானால் தண்ணீர் எங்கே இருக்கிறது? பூமிக்கு அடியில் பெரிய ஏரி ஒன்று இருப்பதாகச் சிலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படி இல்லை.

ஒரு டம்ளர் நிறையக் கோலிக்குண்டுகளைப் போடுங்கள். டம்ளர் நிரம்பிவிட்டது போலத் தோன்றும். இப்போது தண்ணீர் ஊற்றுங்கள். அடடே, அரை டம்ளர் அளவுக்குத் தண்ணீர் உள்ளே போகிறதே! குண்டுகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளியில் அது ஒளிந்துகொள்கிறது. நிலத்தடி நீரும் இப்படித்தான். மேலே இருக்கும் மண்ணின் இடுக்கிலும், அதற்குக் கீழே மழையிலும் வெயிலிலும் பல்லாயிரம் ஆண்டுகளாகச் சிதைந்துபோன பாறையிலும், அதற்கும் கீழே கெட்டிப் பாறையின் வெடிப்புகளிலும் அது தங்கியிருக்கிறது.

திண்டுக்கல் பக்கத்துக் கிணறுகள் வாய் அகன்று, பாறையை வெட்டி இறக்கியவையாக இருப்பதற்கு இதுதான் காரணம். வெடிப்புகள் எந்தப் பக்கம் போகின்றன என்று மேலிருந்து பார்த்தால் தெரியாது. ஒரு தோட்டத்தில் தண்ணீர் இருக்கும். வரப்பைத் தாண்டினால் இருக்காது.

இன்னொரு விஷயம். இந்தத் தண்ணீர் சும்மா நிற்பதில்லை, நகர்கிறது. ஆற்றைப் போல ஓடாது. ஆமையைப் போல மெதுவாக, மேட்டிலிருந்து பள்ளத்தை நோக்கி ஊர்ந்து போகும். பழனி மலைத் தொடரின் அடிவாரத்திலிருந்து வரும் குடகனாறு, திண்டுக்கல் சமவெளியைக் கடந்து, வேடசந்தூர் வழியாக வடக்கே போய் அமராவதியில் கலக்கிறது. ஆறு மேலே தெரிகிறது. அதற்குக் கீழே தெரியாமல் இன்னொரு பயணம் நடந்துகொண்டிருக்கிறது.

ஊற்று தோண்டி விளையாடியதுண்டா?

கோடையில் ஆற்று மணலில் ஊற்று தோண்டியிருக்கிறீர்களா? இரண்டு முழம் தோண்டினால் தண்ணீர் சுரக்கும். கையால் அள்ள அள்ள, சுற்றியிருக்கும் மணலிலிருந்து மீண்டும் வந்து நிறையும்.

இப்போது உங்கள் நண்பன் பக்கத்திலேயே இன்னொரு ஊற்று தோண்டுகிறான் என்று வைத்துக்கொள்வோம். உங்களுடையதைவிட இரண்டு மடங்கு ஆழம். நிறுத்தாமல் வாளி வாளியாக இறைக்கிறான். என்ன ஆகும்? உங்கள் ஊற்று வற்றிவிடும்! நீங்கள் ஒரு தப்பும் செய்யவில்லை. ஆனாலும் தண்ணீர் போய்விட்டது.

சரி, அவன் இறைக்கவில்லை. உங்களுக்கு மேட்டுப் பக்கமாக உட்கார்ந்து தன் ஊற்றில் ஒரு படி உப்பைக் கொட்டுகிறான். கொஞ்ச நேரம் கழித்து உங்கள் ஊற்றுத் தண்ணீர் கரிக்கும்.

பூமிக்கு அடியில் வேலி கிடையாது, வரப்பு கிடையாது. ஒரு இடத்தில் செய்வது இன்னொரு இடத்துக் கிணற்றில் தெரியும். அதுவும் உடனே தெரியாது, தாமதமாகத்தான் தெரியும். இந்த ஒரு உண்மையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

திண்டுக்கல் கற்றுத் தந்த பாடம்

திண்டுக்கல் என்றதும் பூட்டும் பிரியாணியும் நினைவுக்கு வரும். பிரிட்டிஷார் காலத்திலிருந்தே இந்த ஊர் இன்னொன்றுக்கும் பெயர் பெற்றது. அதுதான் தோல் பதனிடும் தொழில்.

ஆட்டுத் தோலும் மாட்டுத் தோலும் அழுகிவிடாமல் இருக்க முதலில் உப்பைத் தடவி வைப்பார்கள். தொழிற்சாலைக்கு வந்ததும் அந்த உப்பைக் கழுவ வேண்டும். முடியை நீக்கச் சுண்ணாம்பு சேர்த்த தண்ணீரில் ஊற வைக்க வேண்டும். பிறகு பதனிட வேண்டும். அந்தக் காலத்தில் ஆவாரம்பட்டை, கடுக்காய் போன்றவை பயன்பட்டன. பின்னாளில் குரோமியம் என்ற உலோகத்தின் உப்பும் வந்தது. ஒரு கிலோ தோலைப் பதனிடச் சுமார் 30 முதல் 40 லிட்டர் தண்ணீர் செலவாகும். அவ்வளவும் உப்பும் சுண்ணாம்பும் ரசாயனமும் கலந்த கழிவுநீராக வெளியே வரும்.

பல ஆண்டுகள் அந்தக் கழிவுநீர் சுத்தம் செய்யப்படாமலே ஓடைகளிலும் காலி நிலங்களிலும் போய்ச் சேர்ந்தது. "மண்தானே, உறிஞ்சிக்கொள்ளும்" என்று விட்டுவிட்டார்கள். மண் உறிஞ்சிக்கொண்டது உண்மைதான். உறிஞ்சியதை எங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது? நண்பனின் உப்பு ஊற்றை நினைத்துப் பாருங்கள். கழிவிலிருந்த உப்பு பாறை வெடிப்புகளில் இறங்கி, நிலத்தடி நீரோடு மெதுவாக நகர்ந்து, கிணறுகளுக்கு வந்து சேர்ந்தது. நல்ல தண்ணீர்க் கிணறுகள் உப்புத் தண்ணீர்க் கிணறுகள் ஆயின.

ஹைதராபாத்தில் உள்ள தேசிய புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானிகள் 2000-களில் திண்டுக்கல் வட்டாரக் கிணறுகளை ஆராய்ந்தார்கள். அப்போது நகரிலும் சுற்றுப்புறத்திலும் சுமார் 80 தோல் தொழிற்சாலைகள் இருந்தன. கிணறுகளின் நீர்மட்டத்தை அளந்தார்கள், தண்ணீரைச் சோதித்தார்கள். அந்த எண்களைக் கம்ப்யூட்டரில் கொடுத்து, பூமிக்கு அடியில் உப்பு எப்படி நகரும் என்று கணக்குப் போட்டார்கள்.

கிடைத்த விடை என்ன தெரியுமா? கழிவை உடனே பாதியாகக் குறைத்தாலும், 20 ஆண்டுகள் கழிந்த பிறகுகூட நிலத்தடி நீரில் கலந்துள்ள உப்பு பாதியாகக் குறையாது!

பாத்திரத்தில் கொட்டிய உப்பைக் கழுவ ஒரு நிமிடம் போதும். பூமிக்குள் கொட்டிய உப்பைக் கழுவ ஒரு தலைமுறை போதாது. அதனால்தான் கிணற்றின் காய்ச்சலை முதல் நாளிலேயே கண்டுபிடிக்க வேண்டும் என்கிறார்கள்.

தமிழகத் தோல் தொழிற்சாலைகளின் மாசு பற்றிய வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1996-ம் ஆண்டு ஆகஸ்ட் 28-ம் தேதி தீர்ப்பு வந்தது. வேலூர் பகுதி மக்களின் அமைப்பு தொடர்ந்த வழக்கு அது. என்றாலும் தீர்ப்பில் திண்டுக்கல் மாவட்டமும் இடம்பெற்றது. "மாசுபடுத்தியவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும்" என்ற கொள்கை இந்த நாட்டின் சட்டம்தான் என்று நீதிபதிகள் உறுதியாகச் சொன்னார்கள். பாதிக்கப்பட்டவர்களுக்கு எவ்வளவு நஷ்டம் என்று கணக்கிட ஓர் ஆணையமும் அமைக்கச் சொன்னார்கள்.

நஷ்டத்தைக் கணக்கிட என்ன வேண்டும்? தண்ணீர் முன்பு எப்படி இருந்தது, இப்போது எப்படி இருக்கிறது என்ற அளவு வேண்டும். தோல் தொழில் தொடங்கிய அந்தப் பழைய நாட்களில் கிணறு கிணறாகப் போய் எழுதி வைக்கும் வழக்கம் இல்லை. "எங்க தாத்தா காலத்துல இந்தத் தண்ணி இளநீர் மாதிரி இருக்கும்" என்று ஊர்ப் பெரியவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் இளநீர் மாதிரி என்றால் எவ்வளவு? எண் இருந்தால்தானே கணக்குப் போட முடியும்!

பூமிக்குள் ஒரு சுரங்க ஊர்

திண்டுக்கல்லில் நிலக்கரி கிடையாது. ஆனால் திண்டுக்கல் வீடுகளில் எரியும் விளக்குக்கும் நிலக்கரிக்கும் தொடர்பு உண்டு. மேட்டூர், தூத்துக்குடி போன்ற இடங்களில் உள்ள அனல்மின் நிலையங்களில் நிலக்கரியை எரித்துத்தான் மின்சாரம் தயாரிக்கிறார்கள். ஒடிசா முதலிய வெளிமாநிலங்களிலிருந்தும் நிலக்கரி வருகிறது. அங்கே அதைத் தோண்டும்போதும் தண்ணீருக்கு இதே கதிதான் ஏற்படக்கூடும். அதனால்தான் சுரங்கங்களைச் சுற்றிக் கிணற்று டாக்டர்களுக்கு வேலை அதிகம்.

மேலிருந்தே மண்ணை வெட்டி எடுப்பது திறந்தவெளிச் சுரங்கம். பூமிக்குள் குழி இறக்கி, வீதி வீதியாகக் குடைந்து எடுப்பது நிலத்தடிச் சுரங்கம். நிலத்தடிச் சுரங்கம் ஓர் ஊர் மாதிரியே இருக்கும். நடுவே பாதைகள், மேற்கூரை விழாமல் தாங்க, வெட்டாமல் விட்ட நிலக்கரித் தூண்கள்.

இந்த ஊருக்குள் நாலாபக்கமும் இருந்து தண்ணீர் கசிந்துகொண்டே இருக்கும். அதைப் பம்பு வைத்து இரவும் பகலும் வெளியேற்ற வேண்டும். இல்லாவிட்டால் சுரங்கம் மூழ்கிவிடும். இதனால் என்ன ஆகும்?

முதலாவது, பக்கத்துக் கிணறுகள் வற்றலாம். ஆழமாகத் தோண்டி இறைத்த நண்பனின் ஊற்றுக் கதைதான் இது.

இரண்டாவது, நிலம் அமுங்கலாம். நிலக்கரியை எடுத்த வெற்றிடத்தில் கூரை சரிந்தால், மேலே தரையில் வெடிப்பு விழும். அங்கே ஒரு குளமோ ஓடையோ இருந்தால், ஓட்டைக் குடம் மாதிரி அதன் தண்ணீர் கீழே இறங்கிவிடும்.

மூன்றாவது, தண்ணீர் புளித்துப்போகலாம். நிலக்கரியோடு சில இடங்களில் பைரைட் என்ற கனிமம் இருக்கும். தங்கம் மாதிரி மினுமினுக்கும். ஆனால் தங்கம் இல்லை. இரும்பும் கந்தகமும் சேர்ந்தது. காற்றும் தண்ணீரும் பட்டால் அதிலிருந்து கந்தக அமிலம் உண்டாகும். அந்தத் தண்ணீர் ஓடையில் கலந்தால் மீன்கள் செத்துவிடும். பாறைகள் துருப்பிடித்தது போல ஆரஞ்சு நிறமாகிவிடும். மேகாலயா மாநிலத்தின் ஜைந்தியா மலைப் பகுதியில், எலி வளை மாதிரிக் குடைந்த நிலக்கரிச் சுரங்கங்களால் ஆறுகள் இப்படி அமிலமாகின. 2014-ம் ஆண்டில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் அந்தச் சுரங்க முறைக்குத் தடை விதித்தது.

நான்காவதுதான் மிகவும் பயங்கரமானது. தண்ணீர் சுரங்கத்துக்குள்ளேயே உடைத்துக்கொண்டு வரலாம்.

மூன்று நாள் இருட்டில்...

மேற்கு வங்க மாநிலம் ராணிகஞ்ச். 1989-ம் ஆண்டு நவம்பர் 13-ம் தேதி. மகாவீர் சுரங்கத்தில் இரவு வேலை நடந்துகொண்டிருந்தது. திடீரென்று பழைய சுரங்கப் பகுதியில் தேங்கிக் கிடந்த தண்ணீர் சுவரை உடைத்துக்கொண்டு பாய்ந்து வந்தது. லிஃப்டுக்கு அருகில் இருந்தவர்கள் மேலே வந்துவிட்டார்கள். மற்றவர்கள் மாட்டிக்கொண்டார்கள். ஆறு பேர் இறந்துபோனார்கள். 65 பேர் உள்ளே உயிரோடு தவித்தார்கள்.

ஜஸ்வந்த் சிங் கில் என்ற பொறியாளர் ஒரு யோசனை சொன்னார். மேலிருந்து நேராகத் துளை போட்டு, ஓர் ஆள் மட்டும் நிற்கக்கூடிய இரும்புக் கூண்டை இறக்கலாம் என்றார். கூண்டு தயாரானது. முதலில் உள்ளே இறங்குவது யார்? "நானே போகிறேன்" என்று அவரே இறங்கினார்! ஒவ்வொருவராக ஏற்றி அனுப்பினார். நவம்பர் 16-ம் தேதி, 65 பேரும் பத்திரமாக மேலே வந்து சேர்ந்தார்கள். இவருடைய வீரத்துக்காக மத்திய அரசு 1991-ல் உயரிய உயிர் காப்பு விருதை வழங்கியது.

எல்லா விபத்தும் இப்படி முடிவதில்லை. 1975-ம் ஆண்டு டிசம்பர் 27-ம் தேதி, தன்பாத் அருகே சாஸ்நாலா சுரங்கத்தில் தண்ணீர் புகுந்தபோது 370-க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள்.

பழைய சுரங்கத்தில் தண்ணீர் எங்கே நிற்கிறது, எவ்வளவு உயரம் நிற்கிறது என்ற எண் சரியாகத் தெரிந்திருந்தால் எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றலாம். அதனால்தான் கைவிடப்பட்ட பழைய சுரங்கத்துக்கு 60 மீட்டர் தூரத்துக்குள் போனாலே தனி அனுமதி வாங்க வேண்டும், முன்கூட்டியே சிறு துளை போட்டுத் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே முன்னேற வேண்டும் என்று சுரங்க விதிகள் சொல்கின்றன.

எப்படி அளக்கிறார்கள்?

சரி, கிணற்று டாக்டரின் பையைத் திறந்து பார்ப்போமா?

அளவு நாடா: நாடாவின் கீழ்நுனியில் சாக்பீஸைத் தேய்த்து உள்ளே இறக்குவார்கள். மேலே எடுத்தால், தண்ணீர் பட்ட இடம் நிறம் மாறியிருக்கும். அதை வைத்து நீர்மட்டம் எத்தனை மீட்டர் ஆழத்தில் இருக்கிறது என்று கண்டுபிடித்துவிடலாம். எவ்வளவு சுலபம், பார்த்தீர்களா! இப்போது தண்ணீரைத் தொட்டதும் "பீப்" என்று ஒலி எழுப்பும் மின்நாடாவும், ஆளே இல்லாமல் தானாக அளந்து பதிவு செய்யும் கருவியும் வந்துவிட்டன.

கண்காணிப்புக் குழாய்: தண்ணீர் இறைப்பதற்காக அல்ல, அளப்பதற்காக மட்டுமே போடும் ஒல்லியான ஆழ்துளைக் குழாய் இது. குறிப்பிட்ட ஆழத்தில் மட்டும் இதில் துளைகள் இருக்கும். அந்த ஆழத்துத் தண்ணீரின் நிலையை மட்டும் இது தனியாகச் சொல்லும்.

சோதனை பாட்டில்: குழாயில் தேங்கிக் கிடந்த பழைய தண்ணீரை முதலில் வெளியேற்றிவிட வேண்டும். பாட்டிலை அதே தண்ணீரால் அலசி, பிறகு பிடித்து, குளிரில் வைத்து ஆய்வகத்துக்குக் கொண்டுபோக வேண்டும்.

ஆய்வகத்தில் என்ன பார்ப்பார்கள்? புளிப்பு, காரம் எவ்வளவு என்பதற்கு பி.ஹெச். என்ற அளவு உண்டு. சுத்தமான தண்ணீருக்கு 7. எலுமிச்சைச் சாற்றுக்குச் சுமார் 2. குடிநீருக்கு 6.5 முதல் 8.5 வரை இருக்கலாம். சுரங்கத்துப் பக்கத்துக் கிணற்றில் இது குறைந்துகொண்டே வந்தால் அமிலம் வருகிறது என்று அர்த்தம். அடுத்து, கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவு. குடிநீரில் ஒரு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருப்பது நல்லது. வேறு வழியில்லாதபோது 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம். இவற்றோடு இரும்பு, சல்பேட் அளவையும் பார்ப்பார்கள். தோல் தொழிற்சாலைப் பக்கம் என்றால் குரோமியமும் இருக்கிறதா என்று சோதிப்பார்கள்.

ஓடையையும் ஆற்றையும் எப்படிச் சோதிப்பது? அதற்கு ஒரு தந்திரம் இருக்கிறது. சுரங்கத் தண்ணீர் ஆற்றில் கலக்கும் இடத்துக்கு மேலே ஒரு பாட்டில், கீழே ஒரு பாட்டில் பிடிக்க வேண்டும். இரண்டும் ஒரே மாதிரி இருந்தால் சரி. கீழே பிடித்தது மட்டும் மாறியிருந்தால், நடுவில் ஏதோ நடந்திருக்கிறது!

மூன்று கிணறு, ஒரு புதிர்

நிலத்தடி நீர் எந்தத் திசையில் நகர்கிறது என்று மூன்றே கிணறுகளை வைத்துக் கண்டுபிடிக்கலாம். உதாரணத்துக்கு, முக்கோணம் போல மூன்று கிணறுகள். கடல் மட்டத்திலிருந்து கணக்கிட்டால் முதல் கிணற்றின் நீர்மட்டம் 270 மீட்டர் உயரத்திலும், இரண்டாவது 268, மூன்றாவது 265 மீட்டர் உயரத்திலும் இருக்கின்றன. தண்ணீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்குத்தானே போகும்? அப்படியானால் முதல் கிணற்றுப் பக்கமிருந்து மூன்றாவது கிணற்றுப் பக்கம் நகர்கிறது. முதல் கிணற்றருகே கழிவு கொட்டினால் முதலில் கவலைப்பட வேண்டியவர் யார்? சொல்லுங்கள், பார்க்கலாம்!

முன், நடு, பின்

ஒரே ஒரு முறை அளந்தால் போதாது. கோடையில் எல்லாக் கிணறும் இறங்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏறும். மழை பெய்யாததால் இறங்கியதா, சுரங்கத்தால் இறங்கியதா என்று பிரித்துச் சொல்லப் பல ஆண்டு எண்கள் வேண்டும். மழை அளவும் கூடவே வேண்டும்.

ஆகவே, நிலக்கரிச் சுரங்கங்களுக்கு அனுமதி தரும்போது மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஒரு நிபந்தனை விதிப்பது வழக்கம். சுரங்கத்தைச் சுற்றியுள்ள கிணறுகளின் நீர்மட்டத்தை மே, ஆகஸ்டு, நவம்பர், ஜனவரி என்று ஆண்டுக்கு நான்கு முறை அளக்க வேண்டும். சுரங்கம் தொடங்கும் முன்பே அந்த வட்டாரத் தண்ணீர் எப்படி இருக்கிறது என்று ஆராய்ந்து எழுத வேண்டும் என்பதும் விதி. இதற்கான அறிவிக்கை 1994-ல் வந்தது. 2006-ல் திருத்தி அமைக்கப்பட்டது.

வேலை முடிந்து சுரங்கத்தை மூடிய பிறகும் அளக்க வேண்டும். ஏன் தெரியுமா? பம்பை நிறுத்தியதும் வெற்றிடமெல்லாம் மெல்ல மெல்லத் தண்ணீரால் நிரம்பும். அது பல ஆண்டுகள் கழித்து எங்காவது ஒரு ஓடையில் வெளியே வரலாம்.

நம் தமிழகத்தில் கடலூர் மாவட்டம் நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி எடுக்கிறார்கள். அது திறந்தவெளிச் சுரங்கம். 1957-ல் சுரங்க வேலை தொடங்கியது. 1961-ல்தான் நிலக்கரிப் படுகை கண்ணில் பட்டது. அங்கே ஒரு விசித்திரம்! நிலக்கரிக்குக் கீழே மணற்பாறையில் தண்ணீர் பயங்கர அழுத்தத்தோடு அடைபட்டிருக்கிறது. மேலே இருக்கும் பாரத்தைத் தோண்டி எடுத்துவிட்டால், சோடா பாட்டில் மூடியைத் திறந்தது போலப் பொங்கி வந்துவிடும். ஆகவே, பம்புகளை வைத்து இறைத்து அந்த அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே இருக்கிறார்கள். சுற்றிலும் கண்காணிப்புக் கிணறுகள் வைத்து நீர்மட்டத்தையும் அளக்கிறார்கள்.

சுரங்கம் இல்லாத ஊர்களிலும் அளவு நடக்கிறது. 1970-ல் உருவான மத்திய நிலத்தடி நீர் வாரியம் நாடெங்கும் 20,000-க்கும் மேற்பட்ட கிணறுகளையும் குழாய்களையும் தொடர்ந்து அளந்துவருகிறது. தமிழக அரசிலும் இதற்கென்று தனிப் பிரிவு உண்டு.

நீங்களும் கிணற்று டாக்டர் ஆகலாம்!

எல்லாக் கிணற்றுக்கும் அதிகாரிகள் வர முடியாது. உங்கள் கிணற்றுக்கு நீங்கள் இருக்கிறீர்களே!

1. கட்டாயம் அப்பாவோ மாமாவோ, யாராவது ஒரு பெரியவரோ கூட இருக்க வேண்டும். கைப்பிடிச் சுவரில் ஏறக்கூடாது, எட்டிக் குனியக்கூடாது. சுவர் இல்லாத கிணற்றுப் பக்கம் போகவே வேண்டாம்.

2. கைப்பிடிச் சுவரில் ஓர் இடத்தில் பெயின்ட்டால் சிறு குறி போடுங்கள். எப்போதும் அந்த இடத்திலிருந்துதான் அளக்க வேண்டும்.

3. நீளாத நல்ல கயிறு ஒன்றில் அரை மீட்டருக்கு ஒரு முடிச்சு போடுங்கள். முடிச்சுகளைப் போட்ட பிறகு இடைவெளியை ஸ்கேலால் சரிபார்த்துக்கொள்ளுங்கள். நுனியில் சுத்தமான ஒரு கல்லைக் கட்டுங்கள். கல் தண்ணீரைத் தொடும்போது சத்தம் கேட்கும். எத்தனை முடிச்சு இறங்கியது என்று எண்ணுங்கள்.

4. அதிலிருந்து கைப்பிடிச் சுவரின் உயரத்தைக் கழித்துவிடுங்கள். தரையிலிருந்து நீர்மட்டம் எவ்வளவு ஆழம் என்பது கிடைத்துவிடும்.

5. மோட்டார் ஓடி முடிந்த உடனே அளக்காதீர்கள். கிணறு மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்! காலையில் முதல் வேலையாக, இறைப்பதற்கு முன்பு அளந்தால்தான் சரியான எண் கிடைக்கும்.

6. தேதி, நேரம், ஆழம், தண்ணீரின் நிறம், வாசனை, சமீபத்தில் மழை பெய்ததா என்பதை நோட்டில் எழுதுங்கள். சந்தேகமான தண்ணீரை ருசி பார்க்க வேண்டாம்.

மாதம் ஒரு முறை போதும். ஓர் ஆண்டில் 12 எண்கள் சேர்ந்துவிடும். அவற்றை வரைபடத் தாளில் புள்ளி வைத்துக் கோடு இழுத்தால், கிணறு மூச்சு விடுவது போல ஏறி இறங்கும் அழகைப் பார்க்கலாம். பக்கத்துத் தெரு நண்பனும் தன் கிணற்றை அளந்தால் இரண்டு கோடுகளையும் ஒப்பிடலாம். ஒரு கோடு மட்டும் வழக்கத்துக்கு மாறாகச் சரிந்தால் வகுப்பு ஆசிரியரிடம் காட்டுங்கள்.

இன்று நீங்கள் எழுதும் எண் சின்னதாகத் தெரியலாம். 20 ஆண்டுகள் கழித்து உங்கள் ஊருக்கு ஒரு தொழிற்சாலையோ சுரங்கமோ வந்து, "இந்தத் தண்ணீர் முன்பு எப்படி இருந்தது?" என்று யாராவது கேட்டால், "இளநீர் மாதிரி இருந்தது" என்று மட்டும் நீங்கள் சொல்ல மாட்டீர்கள். நோட்டை எடுத்துக் காட்டுவீர்கள்.

அது சரி, உங்கள் வீட்டுக் கிணற்றில் இன்று தண்ணீர் எத்தனை மீட்டர் ஆழத்தில் இருக்கிறது? தெரியாதா? அப்படியானால் கயிறும் நோட்டும் எடுங்கள். கூடவே ஒரு பெரியவரையும் கூப்பிடுங்கள்!